அம்ஹாவின் வீட்டில் ஒரு பிரீசியன்

அந்த மாடு லொறியிலிருந்து இறங்கியபோது எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்கு நிழல் விழுந்தது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நற்பிட்டிமுனையில் யாரையும் விசாரித்துப் பார்க்கலாம். அவர்கள் நாலு வீடு என்பார்கள். யாரோ உலகப் படத்தை வரைந்துவிட்டு நாடுகளின் பெயரை எழுத மறந்ததுபோல் கறுப்பும் வெள்ளையுமான உடம்பு. மடி தனியாக டிக்கற் எடுத்து வந்த பயணியைப்போல் இருந்தது. அதை இறக்க ஆறு பேர் வந்தார்கள். மாடு தானாகத்தான் இறங்கியது. ஆறு பேரும் சுற்றி நின்று ஆலோசனை சொன்னார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஜுனைட். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமை அவனுடைய கல்யாணத்தன்றுகூட இருக்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் அவனோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றவன் நான், ஆகையால் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வீடும் வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இல்லை. ஆகவே ஓர் ஆண்பிள்ளை பிறந்தால் அவன் தலையில் எத்தனை வீடு எழுதியிருக்கிறது என்று அவனுடைய தங்கச்சிமாரை எண்ணிச் சொல்லிவிடலாம். ஜுனைட்டுக்கு இரண்டு தங்கச்சிமார். அந்த இரண்டு வீட்டுக்காகச் சவூதிக்குப் போனான். றியாத்துக்கு வெளியே பாலைவனத்தில் ஒரு பெரிய பால் பண்ணையில் பால் ஏற்றும் பௌசர் லொறி ஓட்டினான். வீடுகள் முடிந்தன, தங்கச்சிமார் வாழப்போனார்கள், ஜுனைட் கமீலாவைக் கட்டிக்கொண்டு அவளுடைய வாப்பா மீராசா கொடுத்த வீட்டுக்கு வந்தான். வந்த கையோடு திரும்பவும் போனான். ஏனென்றால் பிறந்தது அம்ஹா, பெண்பிள்ளை.

அம்ஹாவின் வீடு அதே வளவில், கமீலாவின் வீட்டுக்குப் பின்னால் எழும்பியது. சுவர் வந்தது, ஓடு வந்தது, ஹோலுக்குச் சீமெந்தும் போட்டார்கள். அதோடு காசு முடிந்து மேசன் வேலையை நிறுத்தினான். அம்ஹாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பாலர் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருடம் லீவில் வந்த ஜுனைட்டைக் கமீலா வாசலில் வைத்தே மறித்தாள்.

"கல்யாணம் முடிச்சு இவ்வளவு காலத்தில நான் ஒங்களோட இருந்தது லீவு மாசங்கள்தான். மறுகா அனுப்ப மாட்டன். இஞ்ச இருந்து என்னெண்டாலும் செய்யிங்க."

"மாடு வளக்கிறன் புள்ள," என்றான் ஜுனைட். "பாலில அம்ஹாட வீட்ட முடிப்பன்."

அன்றிலிருந்து கணக்கு எல்லோருக்கும் விளங்கியது. மாடு நின்றால் ஜுனைட் நிற்பான். மாடு விழுந்தால் ஜுனைட் போவான். கமீலா நடுச்சாமத்தில் தஹஜ்ஜத் தொழுகைக்கு எழும்பி மாட்டுக்காகத் துஆக் கேட்ட ஒரே பெண்ணாக எங்கள் ஜமாஅத்தில் இருந்தாள். மாடு அப்போது வாங்கவேயில்லை.

என்ன மாடு என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. நான் இரண்டு என்பது மரியாதைக்கு, எட்டாகப் பட்டது. தையல்கடைக்காரர் சிந்தி என்றார். அவர் வாழ்நாளில் சிந்தி மாட்டைக் கண்டதில்லை, பெயர் பிடித்திருந்தது. பள்ளிவாசல் மோதினார் ஜேர்சிக் கலப்பு என்றார். பென்சன்காரர்களான நாங்கள் அஸர் தொழுத கையோடு கூடிச் சாகிவாலுக்கு ஆதரவளித்தோம். மாட்டுத் தரகர் அப்துல் ஸமட் எல்லா மாடும் நல்லது என்றார். கல்யாணத் தரகர்கள் பெண்ணின் படம் காட்டுவதுபோல் தன் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி, இது அமைதியான பிள்ளை, இது கொஞ்சம் வாய், ஆனால் வேலைக்காரி என்று விளக்கமும் கொடுத்தார்.

மீராசா மட்டும் எருமை என்றார். அவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் ஒரு எருமைப் பட்டி உண்டு. சாமித்தம்பி என்கிற கூட்டாளி அதை மேய்க்கிறார். வயல் விதைத்தால் பட்டி காட்டோரம் போகும், அறுவடை முடிந்தால் திரும்பி வரும்; கன்றிலும் தயிரிலும் ஆளுக்குப் பாதி. எருமைத் தயிர்ச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. கல்முனைச் சந்தையில் அதை வைத்துவிட்டு வெற்றிலை போடத் திரும்பினால் சட்டி விற்றுப்போயிருக்கும்.

"மருமகன், எருமைக்கு ஒரு சேத்துக் குழியும் வெயிலும் காணும்," என்றார் மீராசா.

ஜுனைட் சிரித்தான். "மாமா, சவூதில அம்பது பாகை வெயில். ஒட்டகம் நெழல் தேடும். அதுக்குள்ள ஆயிரக்கணக்கில பிரீசியன் மாடு நிக்கிது, பால் ஆறா ஓடுது. நான்தானே அந்த ஆத்த முப்பது வருசமா ஓட்டித் திரிஞ்சன். நம்மட வெயில் ஒரு வெயிலா?"

எங்களில் சவூதிக்குப் போனவர்கள் பலர். ஆனால் கடையிலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள். பாலைவனத்தில் பிரீசியனைக் கண்ணால் கண்டவன் அவன் ஒருவன்தான். கமீலா மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு சொல் சொன்னாள்.

"பால் கொறஞ்சாலும் காரியமில்ல. நம்மளோட கெடக்கிற சாதியாப் பாத்து எடுங்க."

அவன் அப்துல் ஸமட்டைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் போய், கம்பளி போர்த்திய ஒரு தோட்டத்துக்காரரிடமிருந்து, பனிக்குள் நின்ற பிரீசியனை ஓட்டிக்கொண்டு வந்தான்.

மார்கழி மாரி. மழை விட்டால் காற்று, காற்று விட்டால் மழை. மாடு மலையிலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டது. காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. எங்கள் ஒழுங்கையில் பூனைகள் வேறு ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தன. ஜுனைட் சுபஹ் தொழுததும் மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய் வரம்புப் புல்லை அறுத்து, ஆளே தெரியாதபடி கட்டிக்கொண்டு வருவான். தூரத்தில் பார்த்தால் ஒரு புல்மூட்டை தானாக ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். சாணி அள்ளுவான், தவிடு குழைப்பான், மடி கழுவுவான். பால் கறக்கும்போது அறபுப் பாட்டுப் பாடுவான். அவன் பாட்டுப் பாடுகிறவன் என்பது கமீலாவுக்கே அப்போதுதான் தெரிய வந்தது. ஒரு நாள் அவள் எங்கள் இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள மதிலருகே நின்று அதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, புதுப் பெண்போல் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

பாலை வாங்கத்தான் ஆள் இல்லை. எங்கள் ஊரில் தேத்தண்ணிக்குப் பெட்டியில் வரும் பால்மாதான். பசுவின் பாலைக் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார்கள். கமீலா தயிர் போட்டுப் பார்த்தாள். பிரீசியன் பால் அளவில் பெரிது, கொழுப்பில் ஏழை. சட்டியைக் கொஞ்சம் சரித்தால் தயிர் அயல்வீட்டை விசாரிக்கப் போனது. மிஞ்சியதைப் பால் டொபியாகக் கிண்டினாள். அந்த மாரி முழுக்க எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் பல் ஒழுங்காக இருக்கவில்லை. ஜுனைட் தளரவில்லை. பால் சேகரிக்க வரும் வண்டிக்காரனுக்கு அவன் கேட்ட விலைக்குக் கொடுத்தான். பால் ஓடுகிறதல்லவா, மாடு நிற்கிறதல்லவா என்றான்.

பங்குனியில் நோன்பு வந்தது. காற்றும் நின்றது.

கடற்கரை ஊரில் காற்று நின்றால் எப்படி இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். குளித்துவிட்டு வந்தால் துடைக்கத் தேவையில்லை, துடைத்தும் பயனில்லை. உப்புப் போத்தலுக்குள் கை விட்டால் கஞ்சி வரும். பிரீசியன் தகரக் கொட்டிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. அதன் வாயிலிருந்து ஒழுகிய நீர் நிலத்தில் குட்டையானது. புல்லை முகர்ந்து பார்த்து மறுபக்கம் திரும்பியது. இரண்டு வாளி ஒன்றாகி, ஒன்று அரையாகியது.

ஜுனைட் பயப்படவில்லை. சவூதிப் பண்ணையில் என்ன செய்வார்கள் என்று பௌசரில் இருந்தபடியே பார்த்திருந்தான். கூரையில் லொறிச் சில்லளவு மின்விசிறிகள், குழாயிலிருந்து தூவானம். கல்முனையில் பெரிய விசிறி ஒன்று வாங்கினான். பிளாஸ்டிக் குழாயில் ஊசியால் துளையிட்டுக் கொட்டிலைச் சுற்றிக் கட்டினான். இருபத்திநாலு மணித்தியாலமும் தூவானம். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் வியர்த்துக் கொட்டுகையில், மாட்டுக்கு மட்டும் மழை பெய்தது. மாடு இன்னும் மோசமாக இரைந்தது. மடி வீங்கியது.

மாட்டு டொக்டர் நிரோஜினி வந்தார். இளம் பெண், பாண்டிருப்பு ஆள். மாட்டைச் சுற்றி வந்தார், வெப்பமானியை வைத்துப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு தானே போய்த் தண்ணீரைப் பூட்டினார்.

"நானா, ஆர் இதச் செய்யச் சொன்ன?"

"சவூதில இப்பிடித்தான் மிஸ்."

"அங்க காத்து காஞ்ச காத்து. தெளிக்கிற தண்ணி ஒடனே ஆவியாப் போகும், போகக்குள்ள மாட்டுட சூட்டையும் எடுத்துக்குப் போகும். இஞ்ச கடல் காத்து, அதுவே ஈரம். நீங்க தெளிக்கிற தண்ணி போக இடமில்லாம மாட்டுட மேலயே நிக்கிது. நீங்க குளிராக்கல்ல, அவிக்கிறீங்க."

"இடியப்பம் அவிக்கிற மாதிரியா," என்று மோதினார் இடையில் கேட்டார்.

"அதேதான்," என்றார் டொக்டர். ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "மொதல் தரம் மாடு வளக்கிற ஆளுக்கு, அதுவும் இந்தக் கரையில, முழுப் பிரீசியன் சரிவராது. சாகிவால் கலப்பு, ஜேர்சிக் கலப்பு எண்டாச் சமாளிக்கலாம். எருமையெண்டா யோசிக்கவே தேவல்ல. இதத் திரும்ப மலைக்கு அனுப்புங்க நானா. பாவம்."

சாகிவாலுக்கு ஆதரவளித்த நாங்கள் அன்றிரவு தராவீஹ் தொழுகையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். கமீலா அன்றிரவு சாப்பிடவில்லை என்று அம்ஹா பிறகு சொன்னாள்.

ஜுனைட் மாட்டை அனுப்பவில்லை. கொட்டிலில் தகரம்தான் பிழை என்றான். வளவுக்குள் ஓட்டுக் கூரையும் மொத்தச் சுவரும் குளிர்ந்த சீமெந்துத் தரையும் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்த நாள் விடிந்தபோது பிரீசியன் அம்ஹாவின் வீட்டு ஹோலில் நின்றது. அம்ஹாவின் கல்யாணத்துக்கென்று பெட்டியோடு வாங்கி வைத்திருந்த சீலிங் விசிறி அதன் முதுகுக்கு மேலே சுற்றியது. ஜன்னல் போடாத ஓட்டை வழியாக அது தலையை வெளியே நீட்டி, பின் ஒழுங்கையால் போகிறவர்களை வீட்டுக்காரியைப்போல் பார்த்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதற்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொல்லக்கூடாது, மாடு கொஞ்சம் தேறியது. கமீலாவே ஹோலுக்குத் தண்ணீர் வாளி தூக்கினாள். மாடு நின்றால் மனிதன் நிற்பான். அதற்காக அவள் அதைத் தன் படுக்கையிலும் படுக்க விட்டிருப்பாள்.

பெருநாள் முடிந்த கிழமை ஸுல்பிகா வந்தார். அவருடைய மகனுக்கு அம்ஹாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே மாப்பிள்ளையின் உம்மா முதலில் பெண்ணைப் பார்ப்பதில்லை, வீட்டைப் பார்ப்பார். பெண்ணை எங்கேயும் காணலாம். சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு மச்சிமாரோடு, வாசனை கமகமக்க நேரே பின் வளவுக்குப் போனார். கமீலா பின்னால் ஓடியும் பிந்திவிட்டாள். வாசலில் காலை வைத்த ஸுல்பிகாவும் பிரீசியனும் முகத்துக்கு முகம் நின்றார்கள். இரண்டு பேருமே கண் வெட்டவில்லை. மாடுதான் முதலில் சாணி போட்டது.

"வீடு நல்லம்," என்றார் ஸுல்பிகா, அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஆள் குடிவந்திட்டாப்போல."

அம்ஹாதான் சொன்னாள், பாலர் வகுப்பில் பாடம் சொல்வதைப்போல் அமைதியாக. "வீடு என்ட மாமி. மாடு வாப்பாட."

அவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். டொபி சாப்பிட்டார்கள். வீடு முடிந்த பிறகு பேசுவோம் என்று மறுநாள் ஆள் விட்டுச் சொன்னார்கள். அந்தக் கிழமையே சவூதிப் பண்ணையிலிருந்து ஜுனைட்டின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பௌசருக்கு ஆள் தேவை, பழைய ஆளென்றால் நல்லது என்று. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. அவனுடைய போனை மறக்காமல் பார்க்கிற கமீலாவுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள் வாப்பாவிடம் போனாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மீராசா சாமித்தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கமாக மகளின் வீட்டில் கால்நீட்டி இருப்பவர் அன்று கதிரையின் நுனியில் இருந்தார். பட்டியில் பாதியைப் பிரித்துத் தருவதாகச் சொன்னார். சாமித்தம்பி மேய்ப்பார், ஜுனைட் காலையில் போய்ப் பாலை எடுத்து வந்தால் போதும், தயிர் போடுவது கமீலா. சாமித்தம்பி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தம்பி வந்தால் தனக்கும் கூட ஒரு கை, வயதாகிறது என்றார். கமீலா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய வளையல் ஒரு தரமும் சத்தம் போடவில்லை.

"யோசிப்பம் மாமா," என்றான் ஜுனைட் மரியாதையாக.

அவர்கள் போன பிறகு நடந்ததை நான் ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் மதில் அப்படிப்பட்டது. நான் அதன் பக்கத்தில் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். மரத்தில் காய் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"என்ன யோசின ஒங்களுக்கு," என்றாள் கமீலா. "எருமைக்கு விசிறி தேவல்ல, டொக்டர் தேவல்ல. தயிரெண்டா ஊரே வாங்கும். வீடும் முடியும். நீங்களும் போகத் தேவல்ல."

"அது மாமாட எருமை."

"வாப்பா தந்தா நம்மட."

"ஒன்ட," என்றான் அவன். பிறகு மெதுவாகக் கேட்டான். "இந்த வீடு ஆர்ர புள்ள?"

"என்ட."

"வளவு?"

"என்ட. அதுக்கென்ன இப்ப?"

"பின்னுக்கு நிக்கிற வீடு அம்ஹாட. தங்கச்சிமார்ர ரெண்டு வீடும் அவளுகள்ட. மூண்டு வீட்டுக்குக் கல் சுமந்திருக்கன், நான் கோவிக்கல்ல, அதுதான் நம்மட வழக்கம். ஆனா ஒரு வீட்டிலயாவது கதிரைய இழுத்துப் போட்டு இது என்ட எண்டு இரிந்ததில்ல. இந்த மாடு ஒண்டுதான் புள்ள, ஆரும் எனக்குச் சீதனமாத் தராதது. நாளைக்கி எருமைக்குப் பின்னால நான் போனா, மீராசாட பட்டில மீராசாட மருமகன் எண்டுதான் ஊர் சொல்லும். அதுக்குச் சவூதி நல்லம். அங்க எல்லாரும் கூலிதான்."

நான் இல்லாத முருங்கைக்காயைப் பறிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அப்ப நான் ஆர்ர?" என்று கமீலா கேட்டாள்.

பின் வளவிலிருந்து பிரீசியன் இருமியது. ஜுனைட் எழும்பி மாட்டைப் பார்க்கப் போனான்.

சித்திரை வெயிலில் மாடு மறுபடியும் நாக்கைத் தொங்கப்போட்டது. மடியில் ஒரு காம்பு அடைத்துக்கொண்டது. இனி வைத்திருந்தால் மௌத்தாகிவிடும் என்று டொக்டர் நிரோஜினி எழுதாத குறையாகச் சொன்னார். அப்துல் ஸமட் மலையில் ஒரு பண்ணையைப் பேசிக் கொடுத்தார். அவரே விற்கவும் அவரே வாங்கவும் உதவிய மாடு அது. இரண்டு தரமும் அது அமைதியான பிள்ளை என்றுதான் சொன்னார்.

லொறி சுபஹோடு வந்தது. இந்தத் தரம் ஆறு பேர் வரவில்லை. மாடு பலகையில் ஏற மறுத்தது. இழுத்தார்கள், தள்ளினார்கள், அப்துல் ஸமட் கெஞ்சினார். கடைசியில் ஜுனைட் கயிற்றை விட்டுவிட்டுத் தான் முதலில் லொறியில் ஏறி உள்ளே போய் நின்றான். மாடு அவனுக்குப் பின்னால் ஏறியது.

"மலையில எறக்கிப்போட்டு நாளைக்கி வாறன்," என்றான் அவன், லொறியின் பலகைக்கு மேலால் தலையை நீட்டி.

கமீலா அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தாள். பாஸ்போட் பைக்குள் நிற்கும் விதம் வேறு; கடதாசிபோல் வளையாது. அவன் அதைக் கையால் மறைத்தான். மலையிலிருந்து கொழும்புக்கு பஸ் உண்டு, கொழும்பில் வெளிநாட்டு ஏஜென்சி உண்டு, அதற்குப் பிறகு என்ன உண்டு என்பது எங்கள் ஊரில் பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் உள்ளே போய் ஒரு சோற்றுப் பார்சலையும் ஒரு பையையும் கொண்டுவந்து லொறிக்குள் நீட்டினாள். பை கனத்தது. அவன் திறந்து பார்த்தான். இஸ்திரி போட்ட நாலு சேட்டு, கண்ணாடி, ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த பிரஷர் மாத்திரை முழுவதும்.

"ஒரு நாளைக்கி இவ்வளவு என்னத்துக்குப் புள்ள?"

"மலையில குளிரும்," என்றாள்.

லொறி திரும்பி ஒழுங்கையை விட்டுப் போனது. மாட்டின் முதுகுக்கு மேலால் அவனுடைய தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. கமீலா பின் வளவுக்குப் போனாள். அம்ஹா வாளியும் விளக்குமாறுமாக ஹோலைக் கழுவிக்கொண்டு நின்றாள். வாப்பா நாளைக்கு வந்துவிடுவாரா என்று கேட்டாள்.

கமீலா சுவரைத் தடவிப் பார்த்தாள். ஜன்னல் ஓட்டையை அளப்பதுபோல் கையை விரித்துப் பார்த்தாள்.

"மேசனுக்குக் கோல் எடு மகள்," என்றாள். "அடுத்த மாசம் வேல தொடங்கலாமெண்டு சொல்லு."